காட்டினேன், காண்பித்தேன்

பிப்ரவரி 5, வியாழன்

பையில்: மீன்.
வெட்டியது: பார்சல் நாடா ஆறு, ஆரஞ்சு ஒன்று.
முனை லேசாக மழுங்கியிருக்கிறது. ஞாயிறு தீட்ட வேண்டும்.

கேன்டீனில் முனிராஜோடு சின்ன வாக்குவாதம். அவர் கிரைண்டிங் மெஷினில் ஓட்டிய புஷ் வளையங்கள் இருநூற்றுச் சொச்சத்தில் எழுபதை நான் ரிஜெக்ட் செய்தேன். எட்டு மைக்ரான் குறைவு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. குறைவு என்றால் குறைவு, இதில் பேச என்ன இருக்கிறது? பேசினார். நானும் பேசினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பையில்: ஒன்றுமில்லை. மீனை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நோட்டு கத்திகளுக்காகப் போட்டது. எந்த நாள் எந்தக் கத்தி, என்ன வெட்டியது, எப்போது தீட்டியது, அவ்வளவுதான். இன்று வேறு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது.

காலை கேட்டில் கார்டு தேய்த்தால் விளக்கு சிவப்பு. செக்யூரிட்டி அறையில் உட்காரச் சொன்னார்கள். ஹெச்.ஆர். சுபாஷிணி மேடம் வந்து ஒரு கவரை நீட்டினார். தற்காலிகப் பணிநீக்கம், கூடவே முனிராஜ் கொடுத்த புகாரின் நகல். "கேன்டீனில் சக ஊழியரிடம் ஆயுதத்துடன் நடந்துகொண்ட விதம்" குறித்து எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ஆயுதமாம். அறுபத்திரண்டு மில்லிமீட்டர் அலகு. மீன் வடிவப் பித்தளைக் கூடு, வயிற்றைத் திறந்தால் கத்தி. திருவிழாக் கடையில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்து விற்பது. குவாலிட்டி செக்‌ஷனில் ஒரு நாளைக்கு இருபது முறை "செங்கு, கத்தி குடு" என்று கேட்டு வாங்கி நாடா வெட்டாத ஆள் கிடையாது. மேனேஜர் உட்பட.

செக்யூரிட்டிக்காரர் மீனைக் காகித உறையில் போட்டு, ஒட்டி, மேலே என் கையெழுத்து வாங்கினார். உறைக்குள் போடும்போது மூடக்கூடத் தெரியவில்லை அவருக்கு. நான்தான் மூடிக் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். தேநீர் இடைவேளை. நான் ஒரு பெஞ்சில், எதிர்ப் பெஞ்சில் முனிராஜ். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ரிஜெக்ட் பற்றிப் பேச்சு வந்தது. நடுவில் அவர் கத்தியைப் பற்றிக் கேட்டார். உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்டினேன். அவர் பதறிப் பின்னால் போனார். பெஞ்ச் விழுந்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்தது.

மார்ச்சில் என் பயிற்சிக்காலம் முடிகிறது. வேலை நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. இருந்தது.

அம்மாவிடம் லீவு என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

பையில்: ஆட்டுக்கால் பிடி போட்டது.
வெட்டியது: ஒன்றுமில்லை.

விளக்கக் கடிதம் எழுதி மெயிலில் அனுப்பியாகிவிட்டது. தமிழிலும் தரலாம் என்றிருந்ததால் தமிழில். முக்கியமான பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன்:

"நான் மடக்குக்கத்திகள் சேகரிப்பவன். என் சக ஊழியர்கள் அனைவரும் இதை அறிவர். சம்பவத்தன்று திரு. முனிராஜிடம் கத்தியைக் காட்டினேன். கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற மூடநம்பிக்கை நம் பகுதியில் உண்டு. அவர் பதறிப் பின்வாங்கியதற்கு அதுவே காரணம்."

சுருக்கம், தெளிவு. காரணமும் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிப்ரவரி 8, ஞாயிறு

பையில்: அதே.

பத்துக் கத்திகளையும் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய், பழைய பனியன் துணியால் துடைப்பு. ஜப்பான்காரன் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவச் செய்த தகட்டுக் கத்தி ஒன்று என்னிடம் உண்டு. ஸ்பிரிங், பூட்டு எதுவும் கிடையாது. திறந்து வைத்திருக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் அலகின் வால் மேலேயே இருக்க வேண்டும், விரலை எடுத்தால் மடங்கிவிடும். எனக்குப் பிடித்த வடிவமைப்பு. தேவையில்லாத ஒரு உறுப்பு அதில் இல்லை.

ரூம்மேட் தாவூத் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறான்.

"மாப்ள, சஸ்பென்ஷன்ல இருக்கிறவன் பண்ற வேலையாடா இது? ஹவுஸ் ஓனர் பாத்தா நம்மளை ரவுடின்னு நெனச்சுக்குவார்."

"பாக்கட்டும்."

"உனக்கு ஒரு சந்தோஷ நியூஸ் சொல்லவா? ஃப்ளோர்ல முனிராஜண்ணனுக்கு புதுப் பேரு வெச்சிருக்காங்க. பென்சில்."

"ஏன்?"

"பென்சில் சீவுற கத்திக்குப் பயந்து குதிச்சாருல்ல. அவர் மெஷின்ல எவனோ சாக்பீஸ்ல ரெண்டு பென்சில் வரைஞ்சு வெச்சிட்டுப் போயிருக்கான். சார்பனர் வேணுமாண்ணேன்னு கேக்குறானுங்க."

சிரித்தேன். இது எனக்குச் சாதகம் என்றும் சொன்னேன். மொத்தத் தொழிற்சாலையே அதைப் பென்சில் சீவும் கத்தி என்று ஒத்துக்கொள்கிறது. ஆயுதம் என்ற பேச்சு இனி எடுபடாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பையில்: தகட்டுக் கத்தி. கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கினேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்த பார்வை!

சுபாஷிணி மேடம் என் கடிதத்தை மேசையில் வைத்திருந்தார். ஒரு வரியில் மஞ்சள் கோடு.

"நீங்களே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கீங்களே, செங்குட்டுவன்."

"எதை மேடம்?"

"கத்தியைக் காட்டினேன்னு."

"ஆமா, காட்டினேன். காட்டினதைக் காட்டினேன்னுதானே எழுத முடியும்?"

"பேப்பர்ல கத்தியைக் காட்டி செயின் பறிப்புன்னு வருது. அவன் என்ன, இது நல்ல கத்தி பாருங்கன்னா காட்டினான்?"

மஞ்சள் கோடு போட்ட வரியை மறுபடி படித்தேன்.

அதோடு நிற்கவில்லை. பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். மாற்றியவர் அந்த இடத்தில் போட்டிருக்கும் சொல்லுக்கு மிரட்டினேன் என்று பொருள். மொழிபெயர்ப்பில் பிழை என்றேன். மேடம் தலையாட்டினார்.

"பிழைன்னு நீங்க சொல்றீங்க. தமிழ் தெரிஞ்ச யாரு படிச்சாலும் அப்படித்தான் படிப்பாங்க. விசாரணை அதிகாரியும் தமிழ்க்காரர்தான்."

ஒரு பாகத்தைத் தப்பாக அளந்தால் மறுபடி அளக்கலாம். ஒரு சொல்லை எப்படி மறுபடி அளப்பது? வரும்போது முழுக்க இதே எரிச்சல். டோக்கனைத் திருப்பிக் கொடுக்க மறந்து பஸ் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

துணி துவைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை, பாதி சோப்போடு காய்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

பையில்: தகட்டுக் கத்தி.
வெட்டியது: பால் பாக்கெட், தாவூத் சட்டைக் காலர் நூல்.

தாவூத்தான் கண்டுபிடித்தான். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "காண்பித்தேன்னு எழுதியிருக்கலாம்ல?" என்றான்.

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எங்கடா ஒண்ணு? பொண்ணு போட்டோ காண்பிச்சான், புது வண்டி காண்பிச்சான். கத்தியைக் காண்பிச்சு செயின் பறிச்சான்னு எவனாவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. நூலகத்துக்குப் போய் அகராதி பார்த்தேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. ஆனால் தாவூத் சொல்வது சரி. அளவு ஒன்று, பொருத்தம் வேறு.

மேடத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "சொல் தவறிடுச்சு, காண்பித்தேன்னு திருத்திக் குடுங்க. ஆனா நீங்க மட்டும் சொன்னாப் போதாது. முனிராஜும் அதையே எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா செவ்வாய்க்கிழமை விசாரணை வெறும் சடங்குதான். உங்களை மாதிரி அளவு பாக்குற ஆளை விட எங்களுக்கும் மனசில்ல."

ஒரே ஒரு கையெழுத்து. வேலை அதில் தொங்குகிறது.

பிப்ரவரி 14, சனி

பையில்: எதுவும் எடுத்துப் போகவில்லை. அங்கே எடுத்துப் போவது சரியாக இருக்காது என்று தாவூத் சொன்னான். இடது பையில் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன்.

முனிராஜ் வீடு மத்திகிரியில். ஷீட் போட்ட முன்பக்கம், வரிசையாக ரோஜாத் தொட்டிகள். அவர் லுங்கியோடு பைக் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

"வாங்க சார்."

இதற்கு முன் சார் என்று கூப்பிட்டதில்லை.

உள்ளே உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு போன தாளைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி கௌரம்மா கூடத்துத் தரையில் பப்பாளியும் தட்டுமாக உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வெட்டவில்லை.

முனிராஜ் தாளை இரண்டு முறை படித்தார்.

"காண்பித்தார்னு போடணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"இந்தக் கைக்குக் கை வாங்கக்கூடாது, மூடநம்பிக்கை, அது இதுல இல்லையே?"

"அது என் கடிதத்துல இருக்கு. இதுல வேணாம்."

கௌரம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பதினேழு வருசமா அந்தக் கம்பெனியில இருக்காரு. நேத்து மீசை மொளச்ச பசங்கல்லாம் பென்சிலுன்னு கூப்பிடறாங்களாம். கேன்டீன் பக்கமே போறதில்ல. மெஷின் ஓரத்துல நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு வர்றாரு. இப்போ அவர் கையாலயே, ஒண்ணுமில்ல, நான்தான் சும்மா குதிச்சேன்னு எழுதித் தரணுமா?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். சார்கிட்ட கேக்கறேன்."

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாருக்கு பழம் வெட்டிக் குடு," என்றார் முனிராஜ். "அந்தப் பக்கம் காய் போல இருக்கு, இங்க குடு." கையை நீட்டினார். கௌரம்மா கத்தியைத் திருப்பி, பிடி அவர் பக்கம் இருக்கும்படி கையில் கொடுத்தார். கீழே வைக்கவில்லை. முனிராஜ் வாங்கிக் காய்ப் பகுதியைச் சீவித் தள்ளிவிட்டு, அதே மாதிரி திருப்பி மனைவி கையில் கொடுத்தார். இருவரும் கத்தியைப் பார்க்கக்கூட இல்லை.

அதைக் கவனித்தேன். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துத் தரும்போது, "அந்த எழுபது புஷ்ஷும் குறைவுதான் சார். மறுநாள் வேற மைக்ரோமீட்டர் வாங்கி நானே பாத்தேன். உங்க அளவு சரி," என்றார்.

"அப்ப ஏன் கையெழுத்துப் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"உங்க வேலையைக் கெடுத்து எனக்கு என்ன ஆவப் போகுது?"

வாசல் வரை வந்தார். செருப்பு மாட்டும்போது, பெஞ்ச் விழுந்ததில் அவருக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்டேன். மரியாதைக்காகத்தான்.

"என் பெஞ்சு எங்க விழுந்துச்சு? விழுந்தது உங்க பெஞ்சு."

பிப்ரவரி 15, ஞாயிறு

தாவூத் நேற்று மாலை ஷிப்டில் கேன்டீன் மேசையை டேப் வைத்து அளந்து வந்தான். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ கத்தியோட போனே. நான் டேப்போட போறேன். அடுத்த சஸ்பென்ஷன் எனக்கு." அப்புறம் போனான்.

மேசை அகலம் 900 மில்லிமீட்டர். அறையில் கட்டில் பலகையைச் செங்கல் மேல் வைத்து அதே அகலத்துக்குக் கோடு போட்டேன். முனிராஜ் புகாரில் சொல்லியிருப்பது, கத்தி அவர் நெஞ்சுக்கு நாலு விரல் தூரத்தில் வந்தது என்று. நாலு விரல் 75. அவர் நெஞ்சு மேசை விளிம்பிலிருந்து நூறு தள்ளி என்று வைத்துக்கொண்டால், முனை என் பக்க விளிம்பிலிருந்து 925 போயிருக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். மீன் அளவுக்கு அட்டை வெட்டிப் பிடித்துக்கொண்டு. 570.
முடிந்தவரை குனிந்தேன். 700.

225 எங்கே போனது?

அவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பயந்தவனுக்குத் தூரம் சின்னதாகத் தெரியும். நாலு விரலை எட்டு விரலாக்கிப் பார்த்தேன். அப்போதும் 150 பாக்கி.

எழுந்து நின்றேன். ஒரு காலை முன்னால் வைத்தேன். அட்டை முனை 925-ஐத் தொட்டுவிட்டது. பின்னால் நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் சரிந்து விழுந்தது.

கீழ் வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இன்னொன்று. பத்துக் கத்திகளையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தாவூத்திடம் கொடுத்தேன். யாருக்குக் காண்பித்தாலும் மடக்கித்தான் கொடுப்பேன். திறந்திருந்தால் பிடி அவர்கள் பக்கம். யோசிப்பதே இல்லை, கை தானாகச் செய்கிறது. அன்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கத்தி. முனை எந்தப் பக்கம் இருந்தது?

எனக்குத் தெரியும். எழுத எதற்கு?

பிப்ரவரி 16, திங்கள்

பையில்: தகட்டுக் கத்தி. வெட்டியது: ஒன்றுமில்லை.

எழுதிவிடுகிறேன். ஆறாம் தேதி எழுதியதில், முனிராஜ் கத்தியைப் பற்றிக் கேட்டார் என்று இருக்கிறது. கேட்கவில்லை. நான் அவரிடம், "கண்ணு தெரியலேன்னா கண்ணாடி போடுங்க, எட்டு மைக்ரான் தெரியாம என்ன கிரைண்டிங்?" என்றேன். பத்துப் பேர் இருந்தார்கள். அவர், "நேத்து வந்த பையன், உன் அளவு மெஷினைத் தூக்கிக் குப்பையில போடு," என்றார். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு.

அப்போது எழுந்து சொன்னேன்: "இதுவாவது கண்ணுக்குத் தெரியுதா?"

காட்டினேன்.

மேடம் போன் செய்தார். நாளை பதினோரு மணி, பாகலூர் ரோட்டில் வக்கீல் ஆபீஸ், பத்து நிமிட வேலை, சட்டையை இன் பண்ணி வாருங்கள் என்றார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

விசாரணை அதிகாரி வயதான லேபர் வக்கீல். மின்விசிறிக்குக் காகிதம் பறக்காமலிருக்க மூக்குக் கண்ணாடிக் கூட்டை மேலே வைத்திருந்தார். ஒரு பெண் தட்டச்சு செய்தார். சுபாஷிணி மேடம் ஒரு பக்கம், முனிராஜ் இஸ்திரி போட்ட யூனிபார்மில் சுவரோரம்.

அதிகாரி என் கடிதத்தையும் முனிராஜ் கையெழுத்திட்ட தாளையும் வாசித்தார். "சொல் தவறிவிட்டது, காண்பித்தேன் என்று திருத்துகிறேன். சரிதானே?"

"இல்லைங்க சார்."

மேடம் என்னைப் பார்த்தார்.

"முதல்ல எழுதுன சொல்தான் சரி. காட்டினேன்தான்."

"தம்பி, புரிஞ்சுதான் பேசறீங்களா?"

"புரிஞ்சுதான். எழுந்து நின்னு நீட்டினேன். முனை அவர் பக்கம் இருந்தது. அவர் கத்தியைப் பத்தி ஒண்ணும் கேக்கல. இதுவாவது கண்ணுக்குத் தெரியுதான்னு கேட்டேன். பெஞ்சு விழுந்தது நான் எழுந்ததுல. கைக்குக் கை, மூடநம்பிக்கைன்னு எழுதினது நானா ஜோடிச்சது, அதை அடிச்சிருங்க. அவர் பின்னால போனது சரி. அந்தத் தூரத்துல யாரா இருந்தாலும் போயிருப்பாங்க."

தட்டச்சு செய்த பெண், "மெதுவா," என்றார். மறுபடி சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாக, கமாவோடு.

அதிகாரி முனிராஜ் பக்கம் திரும்பினார். "நீங்க காண்பித்தார்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

முனிராஜ் எழுந்து நின்றார். "தம்பி இப்போ சொன்னதுதாங்க நடந்தது," என்றார். உட்காராமல் தொடர்ந்தார். "இதை ஃப்ளோர் நோட்டீஸ் போர்டுல போடுவீங்களா?"

"விசாரணை முடிவைப் போடுறதுதான் வழக்கம்."

"போடுங்க."

எனக்குக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன். மேடம் படியிறங்கும்போது மெல்லிய குரலில் சொன்னார். "இனி நான் ஒண்ணும் பண்ண முடியாது. பயிற்சிக்காலத்தோட முடிஞ்சுது. சர்டிபிகேட்ல இது வராம பாத்துக்கறேன்."

"நன்றி மேடம்."

"பத்து நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் நீங்க." கார் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினார்.

வெளியே வெயில். முனிராஜ் பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, கிளப்பாமல் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பார்ப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"குத்தியிருப்பியா?"

சாலையில் ஒரு தக்காளி லாரி போய் முடியும்வரை யோசித்தேன். இல்லை என்று சொல்லத்தான் ஆசை. எல்லாவற்றையும் அளந்து பார்த்தேன், இதை அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"தெரியலண்ணே."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பது போலவும் இல்லை, இல்லை என்பது போலவும் இல்லை. பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடறேன். ஏறு."

நான் ஏறவில்லை. "பாக்கெட்ல கத்தி இருக்குண்ணே," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்சீட்டில் கிடந்த யூனிபார்ம் தொப்பியை எடுத்து முன்னால் டேங்க் மேல் வைத்துக்கொண்டார்.

"இருந்தா இருக்கட்டும். ஏறு."